சித்தியின் உயிர் எதில் இருக்கிறது

மார்ச் 14, வியாழன்.

இன்றைய தவறு: ஒரு நேயரின் முதல் பதிவை மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பத்துப் பதிவுகளை 'அதே எண்' என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஆவணப் பராமரிப்பு மாலை வகுப்பில் குறிப்பேடு இப்படித்தான் தொடங்க வேண்டும். முதலில் தவறு, பிறகு அது நடந்த விதம், கடைசியில் நாளைய வேலை. இருபது மதிப்பெண். இதுவரை நான் எழுதிய தவறுகள் தேதியை மாற்றிப் போட்டது, தாளைத் தலைகீழாகக் கோத்தது போன்றவை. இன்றையதையும் அந்த வரிசையில் எழுதலாமா என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன். வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

பகலில் நான் வேலை பார்ப்பது 'ஏழு பூட்டு வீடு' தொடரைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நேயர் பிரிவில். தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அங்கே ஒரு சித்தி, கணவனின் முதல் தாரத்து மகளைத் தினமும் அறைக்குள் வைத்து ஏழு பூட்டுப் போடுகிறாள். ஐந்து வாரம் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். ஆறாவது வாரம்தான் தெரிந்தது, கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒரு சூனியக்காரி, குழந்தைகளின் பால்பல்லோடு ஆயுளையும் பிடுங்கிவிடுவாள் என்று. பூட்டு காவலுக்கு. திட்டியவர்கள் மனம் மாறி வெட்கப்பட்டார்கள். ஏழாவது வாரம் இன்னொன்று தெரிந்தது. பல வருஷத்துக்கு முன் இதே சித்தி தன் சொந்தத் தங்கையின் பல்லை அந்த டாக்டரிடம் கொடுத்தவள். அன்றிலிருந்து நேயர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

சித்தியின் உயிர் அவள் உடம்பில் இல்லை. ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது. அந்தப் பொருள் அவளை விட்டு நூறு அடிக்கு மேல் போனால் அவளுக்கு மூச்சு முட்டும். அது என்ன பொருள் என்று இன்னும் காட்டவில்லை. நாளை வெள்ளிக்கிழமை பல் டாக்டர் அதைக் கண்டுபிடிக்கிறாள். முடிவை இரண்டு விதமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். எது ஒளிபரப்பாகும் என்பது எங்கள் கணக்கைப் பொறுத்தது.

நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் பதிவுக் கருவி எடுக்கும். ஒரு நிமிடம் பேசலாம், பிறகு தானே துண்டித்துவிடும். நான் கேட்டு எழுதி, 'வாழட்டும்', 'சாகட்டும்', 'வேறு' என்ற மூன்று பத்திகளில் ஒன்றில் கோடு போட வேண்டும். ஒரு எண்ணுக்கு ஒரு கோடுதான். பரிசுப் பொருள் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைத்து மாதக் கடைசியில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

எதிர் மேசையில் இருப்பவரை எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். பேச்சை நிறுத்தவே மாட்டார். நல்ல பதிவு வந்தால் சத்தமாக வாசிப்பார். இன்று காலையும் வாசித்தார்.

"இதக் கேளு. 'சித்தி தப்புப் பண்ணவதான். ஆனா அந்த வீட்ல பாத்திரம் கழுவுறது அவ ஒருத்திதானே, அவளக் கொன்னுட்டா யாரு கழுவுவா?' இத எதுலடி போடுறது?"

"வாழட்டும்ல போடுங்கக்கா."

"வாழட்டும்னா சொல்றா? கழுவட்டும்னு சொல்றா."

அடுத்தது ஒரு பெரியவர். பல் டாக்டர்மேல் தப்பே இல்லை, அவள் வாடகையைச் சரியாகக் கட்டுகிறாள், சத்தம் போடுவதில்லை, அப்படி ஓர் ஆள் தன் வீட்டுக்குக் குடிவரக் கூடாதா என்றார். அதை 'வேறு' என்று போட்டோம்.

மதியம் இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். எதுவும் அவரைத் தாண்டித்தான் மாடிக்குப் போகும் என்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர்.

"வாழட்டும் ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு. சாகட்டும் ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு. மூணு கோடு வித்தியாசத்துல ஒரு பொம்பளையக் கொல்ல முடியாதுன்னு மேல சொல்றாங்க. திரும்பப் பாரு."

"எங்கேருந்து சார் ஆரம்பிக்கட்டும்?"

"நீ அடிச்சதுலேருந்து."

நான் அடித்தவை 206 பதிவுகள். அதிக முறை கூப்பிட்ட எண்ணை முதலில் எடுத்தேன். ஒரு வீட்டுத் தொலைபேசி எண், பதினோரு பதிவுகள், போன வெள்ளி முதல் நேற்று வரை. முதல் பதிவை மறுபடி கேட்டேன். எட்டு வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் குழந்தை. பெயர், வகுப்பு, பிடித்த பாடம் எல்லாம் சொல்லி, அப்பா லாரி ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வருவார் என்று சொல்லி, முக்கால் நிமிடத்தைத் தீர்த்துவிட்டது. கடைசியில், "எனக்கும் சித்திதான் இருக்காங்க. சித்தியோட உயிர் எதுல இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சா நான் அத உடனே" என்பதோடு கருவி துண்டித்திருந்தது.

இதற்குத்தான் 'சாகட்டும்' பத்தியில் கோடு போட்டிருந்தேன். மிச்ச வாக்கியத்தை நானே மனதில் முடித்துவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டாவது பதிவிலும் பெயர், வகுப்பு, பாடம். அதற்குள் நிமிடம் முடிந்தது. மூன்றாவதில் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. வேகமாகப் பேசியது.

"சீப்பு இல்ல. சீப்ப எடுத்துட்டு நூறு அடி போனேன். எங்க வீட்டுலேருந்து டெய்லர் கடை நூறு அடி. திரும்பி வந்து பாத்தேன், சித்தி வேற சீப்புல தலை வாரிட்டிருந்தாங்க."

நான்காவது: "சித்தி போடுற மூக்குக்கண்ணாடியும் இல்ல. மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா காப்பில உப்புப் போட்டுட்டாங்க."

ஐந்தாவது: "செல்போன் இல்ல. எங்கடி போச்சுன்னு கத்துனாங்க. மூச்சு இருந்தாத்தான கத்த முடியும். அதனால அது இல்ல."

ரேடியோ அக்கா எட்டி ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறாவதில் செருப்பு. ஏழாவது பதிவில் குரல் மாறியிருந்தது. மெதுவாக, வாயைப் பொத்திப் பேசுவதுபோல இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன். நீல பம்பு. சித்தி பையிலயே வச்சிருப்பாங்க, யாரையும் தொட விடமாட்டாங்க. வாயில வச்சு உஸ்ஸுனு உறிஞ்சுவாங்க. டெய்லர் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்தேன். சித்தி மாடிப்படியில உக்காந்துட்டாங்க. மூச்சு முட்டுச்சு. பையக் கொட்டிக் கொட்டித் தேடுனாங்க. நான் குடுத்ததும் சரியாயிடுச்சு. அதுலதான் இருக்கு."

ரேடியோ அக்கா ஹெட்போனை எடுத்துவிட்டார். "அது ஆஸ்துமாக்காரங்க வச்சிருக்கிற இன்ஹேலர்" என்றார்.

இங்கே எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்றை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் தாளில் தெளிவாக எழுதி, நேரத்தைக் குறித்தேன். நடுவில் ஒரு சொல் சரியாகக் காதில் விழாததால் ஒன்பதாவதை மூன்று முறை ஓடவிட்டேன். தவறாகப் புரிந்துகொண்டு ஆளைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்று பயம். ஏழாவதைக் கேட்டு முடித்தபோது மணி 2:25. கடைசித் தாளில் முற்றுப்புள்ளி வைத்தபோது 3:05.

எட்டும் ஒன்பதும் யாராவது பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சல். பத்தாவது பதிவு திங்கட்கிழமை மாலை வந்தது: "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடணும். நான் முடிவு பண்ணிட்டேன்." எதை முடிப்பது என்று சொல்லவில்லை. பதினொன்றாவது நேற்று வந்தது.

"கவர்ல போட்டு உங்களுக்கு அனுப்பிட்டேன். ஸ்டாம்பு நிறைய ஒட்டியிருக்கேன். சித்திக்குத் தெரியாது. அங்க வச்சா பல் டாக்டரால கண்டுபிடிக்க முடியாதுல்ல. பத்திரமா வைங்க. என் சித்திக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

நேற்றுத்தான் தடித்த உறை ஒன்று வந்தது. 'ஏழு பூட்டு வீடு, நேயர் பிரிவு' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. பரிசுப் பொருள் என்று அலமாரியில் வைத்துப் பூட்டியது நான்தான். சாவி என் கழுத்துக் கயிற்றிலேயே இருந்தது. அலமாரியைத் திறந்து உறையைப் பிரித்தேன். உறைக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் நீல இன்ஹேலர்.

அதையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு சல்லடையின் அறைக்கு ஓடினேன்.

"சார், இந்த எண்ணுக்கு உடனே பேசணும்."

"நேயருக்கு நாம பேசுறதில்ல. போன வருஷம் ஒருத்தன் பேசினான். அந்தம்மாவோட வீட்டுக்காரர் வந்து ரெண்டு நாள் ரிசப்ஷன்ல உக்காந்திருந்தாரு. எழுதிக் குடு, மேல அனுப்புறேன்."

"பதில் எப்ப சார் வரும்?"

"திங்கக்கிழமை."

நான் கைக்குட்டையை அவர் மேசையில் விரித்தேன். பதினொன்றாவது தாளை மேலே வைத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு தன் தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ரேடியோ அக்கா கதவோரம் வந்து நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. மூன்றாவது முறை எடுத்தார்கள். சல்லடை ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"ஹலோ." அதே குரல்.

"பாப்பா, சித்தி இருக்காங்களா?"

"நீங்க யாரு?"

"ஏழு பூட்டு வீடு ஆபீஸ்லேருந்து பேசுறேன்."

"பொய். அவங்க பேச மாட்டாங்க. நாமதான் அவங்களுக்குப் பேசணும்."

சல்லடை தன்னையறியாமல் தலையாட்டினார்.

"இல்லம்மா, நிஜமாத்தான். உன் கவர் வந்துடுச்சு."

"கவர் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பல் டாக்டரா?"

"நான் பல் டாக்டர் இல்ல."

"அவளும் அப்படித்தான் சொல்லுவா. ஆறாவது வாரம் சொன்னா."

பின்னால் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரமாக இருக்கலாம்.

"அப்ப பீப்புக்கு முன்னாடி ஒண்ணு வருமே, அதச் சொல்லுங்க பாப்போம்" என்றது குழந்தை.

கருவியில் இருக்கும் வரவேற்புக் குரல் என்னுடையதுதான். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் என்னைப் பேச வைத்தார்கள். குரல் நன்றாக இல்லை என்று எனக்கு இன்றுவரை குறை. மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"வணக்கம். ஏழு பூட்டு வீடு நேயர் பிரிவு. உங்கள் கருத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். நன்றி."



"பீப் சொல்லல."

"பீப்" என்றேன்.

"பத்திரமா இருக்கா?" குழந்தையின் குரல் உடனே இளகிவிட்டது.

"என் கையிலதான் இருக்கு. சித்தி என்ன பண்றாங்க?"

"சமையக்கட்டுல தரையில உக்காந்திருக்காங்க. பேசச் சொன்னா பேச மாட்டேங்குறாங்க. முட்டியப் பிடிச்சுக்கிட்டு விசில் மாதிரி மூச்சு விடுறாங்க. உதடு ஒரு மாதிரி இருக்கு. பல் டாக்டர் வந்துட்டாளா?"

ரேடியோ அக்கா சத்தமில்லாமல் வாயசைத்தார்: விலாசம், விலாசம். நான் கேட்டேன்.

"விலாசம் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சித்தி சொல்லியிருக்காங்க."

வகுப்பில் சொல்லிக்கொடுத்த எதுவும் உதவவில்லை. கடைசியில் அந்தக் குழந்தை எதை நம்புகிறதோ அதையே பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, உங்க வீட்டுலேருந்து நூறு அடி எதுவரைக்கும்?"

"டெய்லர் கடை."

"அதுக்கு மேல போனா?"

"சித்திக்கு மூச்சு முட்டும்."

"நீ அனுப்புன கவர் இப்ப எங்க இருக்கு?"

தூரத்தில் அந்த விசில் எங்களுக்கே கேட்டது.

"தபால்ல போறத நான் எண்ணல" என்றது குழந்தை. பிறகு மிகவும் சின்னக் குரலில், "அப்ப நான்தானா?"

"நீ காப்பாத்தத்தான் பாத்த. இப்ப இன்னொரு வேலை இருக்கு. எதிர் வீட்ல யாரு?"

"பஸ் ஓட்டுற மாமா. பகல்ல தூங்குவாரு. எழுப்பினா திட்டுவாரு."

"திட்டட்டும். போனத் தரையில வச்சுட்டு ஓடிப்போய்த் தட்டு. தொறக்கிற வரைக்கும் தட்டு."

காலடிச் சத்தம் ஓடியது. தட்டும் சத்தம். நான் எண்ணினேன். இருபத்தாறு தட்டு. ஓர் ஆணின் கரகரத்த குரல், "எவன்டா அது, வீட்டக் கொளுத்திட்டாங்களா?" என்றது. பிறகு அந்தக் குரல் மாறியது. ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"யாரும்மா பேசுறது? இவங்களுக்கு மூச்சே இழுக்குது."

"ஆஸ்துமா. இன்ஹேலர் எங்கிட்ட இருக்கு. விலாசம் சொல்லுங்க."

"நீங்க வர்ற வரைக்கும் தாங்காது. நான் தூக்கிட்டுக் கிளம்புறேன். ரயில்வே கேட் பக்கத்து கிளினிக். அங்க வாங்க."

சல்லடை ஏற்கெனவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நேயருக்குத் தொலைபேசியில்கூடப் பேசக் கூடாது என்பவர், பின்னால் என்னை உட்காரவைத்து இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் முகமூடி, அதிலிருந்து மருந்துப் புகை. முப்பது வயதுகூட இருக்காது. நர்ஸ் என்னிடம் இன்ஹேலரை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மூணு நாளா மாத்திரையிலேயே ஓட்டியிருக்காங்க. டாக்டர் சீட்டு இல்லாம கடையில புதுசு தரல. நாளைக்கு இங்க வர்றதா இருந்தாங்களாம்" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, பெஞ்சில் இருந்த குழந்தையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பஸ் மாமா கைலியோடு சுவரில் சாய்ந்திருந்தார். குழந்தை அவர் பக்கத்தில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தது, இனி எதையும் தொடமாட்டேன் என்பதுபோல. நான் இன்ஹேலரை அதனிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கியது.

"நீயே கொண்டுபோய்க் குடு."

வாங்கிக்கொண்டு கட்டில்வரை நடந்தது. உதடு அசைந்தது. அடிகளை எண்ணுகிறது. "பதினொண்ணு" என்று சொல்லிக் கட்டிலில் வைத்தது.

சித்தி முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். பேசுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடிய எடுத்ததும் நீதானாடி?"

குழந்தை தலையாட்டியது.

"அந்தக் காப்பிய நீயும்தானே குடிச்ச? ஏன் சொல்லல?"

"சொன்னா கண்டுபிடிச்சிடுவீங்க."

சித்தி குழந்தையை ஒரு கையால் இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை குழந்தையின் சட்டைக் காலரைப் பிடித்தபடியே இருந்தது.

கிளம்பும்போது குழந்தை என்னைக் கூப்பிட்டது. "டிவி அக்கா, நாளைக்கு அந்தச் சித்தி செத்துடுவாங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"நீங்கதான எண்றீங்க?"

அலுவலகத்துக்குத் திரும்பி, அந்த எண்ணின் கோட்டை 'சாகட்டும்' பத்தியிலிருந்து எடுத்து 'வாழட்டும்' பத்தியில் போட்டேன். வாழட்டும் 1,188, சாகட்டும் 1,189. இன்னும் ஒரு கோட்டில் அவள் சாகிறாள். சல்லடை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, மாடிக்கு அனுப்பாமல் இழுப்பறையில் வைத்தார். "எபிசோட் டேப்பு சேனலுக்கு நாளைக்குப் பன்னெண்டு மணிக்குத்தான் போகுது" என்றார்.

முதல் வரியில் எழுதிய தவறை அடிக்கவில்லை. ஆனால் அது முழுத் தவறு இல்லை. 2:25 முதல் 3:05 வரை நான் செய்தது அதைவிடப் பெரியது. அதற்கு இந்தக் குறிப்பேட்டில் தனிப் பத்தி கிடையாது, அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

நாளைய வேலை: காலை ஏழு மணிக்கு அலுவலகம் போய், 'அதே எண்' என்று அடித்ததில் மீதமிருக்கும் 196 பதிவுகளையும் ஒவ்வொன்றாகக் கடைசிவரை கேட்டு, பன்னிரண்டு மணிக்குள் கோடுகளைத் திருத்திக் கொடுப்பது. கேட்கும்போது அவசரமாக ஏதாவது வந்தால், எழுதி முடிக்கும்வரை காத்திராமல் எழுந்திருப்பது.